மாக் லெட்சுமியின் முடியாத கேஸ்

போன மாதம் எனக்குப் பிரிவுபசாரம் வைத்தார்கள். கோப்பி, பிஸ்கட், ஒரு சுவர்க் கடிகாரம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கோர்ட்டில் இருந்தவர் பேசுகிற பேச்சா இது என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறவிக் குணம்.

பிறகு, இப்போது எங்கள் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் இளைஞர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோர்ட் வேலை முழுக்க மலாய்க்கு மாறப்போகிறது என்று ஒரே பேச்சாக இருக்கிறதே, அந்தப் புது வார்த்தைகளை மனப்பாடம் செய்ய முடியாமல் அவருக்குத் தலைவலி. "அண்ணே, நீங்க ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில அஞ்சாம் வகுப்போட நின்னவருன்னு சொல்றாங்க. ஜப்பான்காரன் காலத்துல மொழிபெயர்ப்பு வேலையே பாத்திருக்கீங்க. அந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எப்படித்தான் பிடிச்சீங்க?" என்று கேட்டார். அங்கே சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்யவே இல்லை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் மலாக்கா கோர்ட்டில் நான் பியூன். பியூனுக்கு வார்த்தை காதில் விழுந்ததும் காலுக்குப் போய்விடும். மாஜிஸ்திரேட் 'ரிமாண்ட்' என்றால் ஆளைத் திரும்ப லாக்கப்புக்குக் கூட்டிப்போகும்படி போலீஸ்காரரிடம் ஓட வேண்டும். 'பெயில்' என்றால் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, ஜாமீன் நிற்க வந்தவர் வெளியே மரத்தடியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 'எக்ஸிபிட்' என்று ஒரு பொருளைக் காட்டிச் சொன்னால், அது கத்தியோ கிழிந்த சட்டையோ, சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். 'அப்ஜெக்ஷன்' என்ற சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே வக்கீலின் நாற்காலி கிரீச்சிடும். உடனே அவர் கைக்கு எட்டுகிற தண்ணீர்க் கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவேன். எதிர்க்கட்சி சொல்வதை மறுக்க எழும்போது அவர்கள் கை வீசும் வீச்சு அப்படி. 'டிஸ்சார்ஜ்' என்றால் கூண்டுக் கதவின் கொக்கியை எடுத்துவிட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது.

ஜப்பான்காரர்கள் வந்ததும் கோர்ட் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. திறந்தபோது கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்தது. பொழுது சரியாக விடியுமுன் வேலைக்குக் கிளம்பினோம். இங்கிலீஷ் பேசக்கூடாது, அவர்கள் மொழியான நிப்பொங்கோ படிக்க வேண்டும் என்றார்கள். ஆனால் சட்டப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தன. அதனால் மாஜிஸ்திரேட் மலாயில் பேசுவார், இங்கிலீஷில் எழுதுவார். 'பெயில்', 'சார்ஜ்' போன்ற வார்த்தைகள் மட்டும் மலாய்ப் பேச்சுக்கு நடுவில், சோற்றில் கல்லைப்போல, அப்படியே கிடந்தன.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுவிட்டு செமாபோக்கில் மச்சான் நிலத்தில் மரவள்ளி நடப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமான முடிவு. மறுநாள் தலைமைக் கிளார்க் மிஸ்டர் ஓங் என்னைக் கூப்பிட்டார்.

மிஸ்டர் ஓங் மலாக்கா பாபா, பல தலைமுறையாக இங்கேயே வாழும் சீனர். என்னைவிட வயதில் இளையவர். வீட்டிலும் மலாய்தான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. திட்டினாலும் புகழ்ந்தாலும் முகத்தைப் பார்க்காமலே செய்வார். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

அன்றைக்கும் துடைத்தார். நாளையிலிருந்து தமிழில் சொல்வதை மலாயிலும், மலாயில் சொல்வதைத் தமிழிலும் நான் சொல்ல வேண்டும் என்றார். அவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார். "கூண்டில் இருப்பவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். 'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்காதே. உன் வாய் அவருக்கு இரவல். உன் சொந்த வார்த்தை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, வேலு."

முதல் நாள், சைக்கிள் கேஸ். குற்றம் சாட்டப்பட்டவர் தமிழில் ஏதோ முணுமுணுத்தார். நான் நிமிர்ந்து நின்று மலாயில், "நான்தான் சைக்கிளை எடுத்தேன், துவான்" என்றேன். கோர்ட்டே சிரித்தது. கூண்டில் இருந்தவர் பதறிப்போய் என் கையைத் தொட்டு, "அண்ணே, நீங்க எதுக்கு ஒத்துக்கறீங்க? நான்தானே எடுத்தேன்" என்றார். அதையும் விதிப்படி மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் சில வாரங்களில் எனக்கே ஒரு விஷயம் புரிந்தது. அடுத்தவருடைய 'நான்' பின்னால் ஒளிந்துகொண்டால் கூச்சம் வருவதில்லை. திருடனாக, புருஷனை அடித்த பெண்டாட்டியாக, மாடு தொலைத்தவராக நன்றாகவே பேசினேன். வேலுவாகப் பேச வேண்டாம் அல்லவா?

அப்படி இருக்கும்போதுதான் மாக் லெட்சுமி வந்தார்.

அப்போது நான் காஜா பெராங்கில் ஓர் அறையில் குடியிருந்தேன். இப்போதும் அதே பகுதிதான். பக்கத்தில் செட்டி மக்களின் கம்பம், அதாவது குடியிருப்பு. அவர்கள் நம் சாமிகளைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறு, பெயரெல்லாம் லெட்சுமி, மீனாட்சி, பிள்ளை. ஆனால் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேர்விட்டவர்கள். பெண்கள் மலாய்ப் பெண்களைப்போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்துவார்கள். வீட்டுப் பேச்சு அவர்களுடைய மலாய். தமிழில் அங்கங்கே சில வார்த்தை தெரியும், அவ்வளவே. மாக் லெட்சுமிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நான் அவரை 'மாக்', அதாவது அம்மா என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான். இனி அவர் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் பேசியது.

போகிக்கு அவர்கள் வீட்டில் பார்ச்சு செய்வார்கள். இறந்துபோன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டுச் சோறும் கறியும் பலகாரமும் படைப்பது. ஜப்பான்காரர் காலத்தில் அரிசிக்கு எங்கே போவது? ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. பெரியவர்களுக்குக் கிழங்கு படைக்க மாக் லெட்சுமிக்கு மனம் வரவில்லை. அலோர் காஜா பக்கம் வயல் வைத்திருந்த ஒருவரிடம் தன் தோட்டைக் கொடுத்து ஒரு சிறு மூட்டை அரிசி வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். வழியில் போலீஸ் பிடித்தது. பெர்மிட் இல்லாமல் அரிசி கொண்டுவருவது அப்போது பெரிய குற்றம். ஜெயில் நிச்சயம். அந்தக் கால ஜெயிலுக்குப் போய் உள்ளே போனபடியே திரும்பியவர்கள் குறைவு.

போலீஸ் எழுதிய தாளில் 'லெட்சுமி, தமிழ்' என்று இருந்தது. அதனால் மொழிபெயர்ப்பாளர் நான்.

அன்றைக்குப் பார்த்து மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி, முழங்காலுக்கு நடுவில் வாளை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது இப்படி யாராவது வந்து பார்ப்பார்கள். எல்லோரும் குனிந்து வணங்கி முடித்ததும் கேஸ் ஆரம்பமானது. மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், நல்ல மனிதர். வடக்கே கெடாவிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்ததால் செட்டி மக்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. விவரம் தெரிந்த மிஸ்டர் ஓங் அப்போது பதிவறையில் இருந்தார்.

சார்ஜை, அதாவது இன்ன தேதியில் இன்ன குற்றம் செய்தாய் என்ற சாட்டுதலை, நான் தமிழில் சொல்ல வேண்டும். விதி விதிதானே? உயர்ந்த குரலில் இழுத்து இழுத்துச் சொன்னேன். மாக் லெட்சுமி கண்ணை மூடிக் கைகூப்பி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "புரிந்ததா?" என்று தமிழில் கேட்டேன். தலையாட்டினார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். பக்தியோடு தலையாட்டி, "யா, யா" என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். 'பிளீட்ஸ் கில்ட்டி' என்று எழுதப் போகிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அதை எழுதிவிட்டால் அப்புறம் சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தண்டனைதான். என் கால் அந்த வார்த்தைக்குப் பழகிய கால். போலீஸ்காரர் பக்கம் தானாக ஓர் அடி வைத்தது.

அங்கேயே நின்றுவிட்டது. அவர் ஆட்டிய தலைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என் தமிழில் ஒரு வரிகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கூண்டில் இருப்பவர் இல்லை. நான். என் சொந்த வார்த்தையை உள்ளே விடக்கூடாது என்பது விதி. பக்கத்தில் வாள். "துவான்" என்று ஒரு சத்தம் வந்தது. அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன, வேலு?"

"துவான், இது நான் சொல்வது. நான் வேலு சொல்வது. இந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது."

ஜப்பானிய அதிகாரி என்னையும் மாஜிஸ்திரேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அறை விழப்போகிறது என்று எனக்குக் கன்னம் இப்போதே எரிகிற மாதிரி இருந்தது. மாஜிஸ்திரேட் அவர் பக்கம் சாய்ந்து, தெரிந்த கொஞ்ச நிப்பொங்கோவில் ஏதோ சொன்னார். அதிகாரி "ஹாய்", அதாவது சரி, என்று தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடி வாளைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். அத்தனை பயமும் அதற்குத்தான்.

மாஜிஸ்திரேட் நேராக மாக் லெட்சுமியிடம் மலாயில் கேட்டார். தமிழ் தெரியாதென்றால் எதற்காகத் தலையாட்டினீர்கள்?

"தம்பி அவ்வளவு அழகாகப் படித்தாரே, துவான். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் குருக்கள் படிக்கும்போதும் இப்படித்தான் தலையாட்டுவேன். அங்கேயும் எனக்கு ஒன்றும் புரியாது. இதுவரை சாமி கோபித்ததில்லை."

மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்திருந்ததை அடித்தார். சார்ஜை மலாயிலேயே படித்துக் காட்டினார். இனி நமக்கு வேலை இல்லை என்று நான் நகர்ந்தேன். மாக் லெட்சுமி என் சட்டையைப் பிடித்தார். "இவர் பேசுவது புரிகிறது. நடுநடுவே என்னவோ வருகிறதே, அது என்ன? நீ எங்கும் போகாதே." மாஜிஸ்திரேட்டும், நில் என்று கையால் சைகை காட்டினார். அன்றிலிருந்து மலாய் தெரிந்தவருக்கு மலாயில் மொழிபெயர்ப்பவனாக நின்றேன். கற்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்கிற வேலை.

அரிசி கொண்டுவந்தீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கொண்டுவந்தேன், துவான். ஆனால் அது என் அரிசி இல்லை. தாத்தோ நேனேக்குடையது."

தாத்தோ நேனேக் என்றால் தாத்தா பாட்டிமார், முன்னோர். வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்து, அப்படியானால் அவர்களைச் சாட்சிக்குக் கூட்டிவரட்டும் என்றார். மாக் லெட்சுமி கொஞ்சமும் அசையவில்லை. "பார்ச்சு அன்றைக்கு வருவார்கள், துவான். இன்ஸ்பெக்டரும் வீட்டுக்கு வரட்டும்."

சிரிப்பு அடங்கியதும் மாஜிஸ்திரேட் எழுதினார். ஒப்புக்கொண்டு 'ஆனால்' போட்டால் அது ஒப்புதல் ஆகாது. 'கிளெய்ம்ஸ் டிரயல்'. விசாரணை கேட்கிறார் என்று அர்த்தம். நான் குனிந்து அதைச் சொன்னேன். "நான் எப்போது கேட்டேன்?" என்றார் மாக் லெட்சுமி. "கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், மாக். நல்லதுதான்" என்றேன்.

அடுத்தது பெயில். ஷுரிட்டி வேண்டும். சொன்ன நாளில் நீங்கள் வராவிட்டால் உங்களுக்காக மாட்டிக்கொள்ள ஓர் ஆள் என்று விளக்கினேன். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய் வந்தார். அவர் கடையில் மாக் லெட்சுமி பல வருஷமாகச் சாரோங் வாங்குகிறவர். கையெழுத்துப் போடுமுன் காதர் பாய், "மாக், எங்கேயும் ஓடிவிட மாட்டீர்களே?" என்று கேட்டார். "உன் கடைச் சாரோங்கைக் கட்டிக்கொண்டு ஓட முடியுமா? முதல் மழைக்கே சுருங்கிவிட்டது" என்றார் அவர். காதர் பாய் சிரித்துக்கொண்டே போட்டார்.

அரிசி மூட்டை எக்ஸிபிட் ஆனது. சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்தேன். அப்புறம்தான் எங்கள் எல்லோருக்கும் சோதனை. மதியம் ஆளுக்கொரு மரவள்ளித் துண்டைத் தேங்காய்த் துருவலில் தொட்டுத் தின்போம். அலமாரியின் இடுக்கு வழியாகப் புது அரிசி வாசனை வரும். பேச்சு தானாக நின்றுபோகும். ஒருநாள் மிஸ்டர் ஓங் கண்ணாடியைக் கழற்றினார். "வேலு, எக்ஸிபிட் என்றால் என்ன?" கோர்ட்டுக்குச் சொந்தமானது என்றேன். "இல்லை. தீர்ப்பு வரும்வரை யாருக்கும் சொந்தமில்லாதது. நமக்கும் இல்லை, எலிக்கும் இல்லை." அன்றே மூட்டையை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சாவி அவர் இடுப்பில் இருந்தது. அந்தப் பசியிலும் ஒரு மணி அரிசி குறையவில்லை. எங்கள் ஆபீஸைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

கேஸ் வந்த நாளெல்லாம் 'அட்ஜர்ன்' ஆனது. தள்ளி வைத்தார்கள். அவரைப் பிடித்த போலீஸ்காரரை எங்கோ மாற்றியிருந்தார்கள், சாட்சி சொல்ல ஆள் வரவில்லை. போகி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே வந்து மாக் லெட்சுமி என்னைப் பிடித்துக்கொள்வார். "தாத்தோ நேனேக்கையும் அட்ஜர்ன் பண்ணச் சொல்வாயா, தம்பி?" என்று கேலியாகத்தான் கேட்பார். ஆனால் மடித்த கைக்குட்டையைத் திருகிக்கொண்டே இருப்பார். அவர் அம்மா செத்து முதல் பார்ச்சு அது என்று ஒரு நாள் சொன்னார். ஜெயிலைவிட, அம்மாவின் இலை வெறுமையாகக் கிடக்கும் என்பதுதான் அவருக்குப் பயம்.

போகிக்கு முதல் நாள் கேஸ் மறுபடி வந்தது. சாட்சி இல்லை. இன்ஸ்பெக்டர் இன்னொரு தேதி கேட்டார். மாஜிஸ்திரேட் தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இனித் தேதி கிடையாது என்றார். ஒரு நீளமான வார்த்தையைச் சொன்னார்: 'டிஸ்சார்ஜ் நாட் அமவுண்டிங் டு அக்விட்டல்'. அரிசியை யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவரிடமே கொடுங்கள் என்றார்.

'டிஸ்சார்ஜ்' காதில் விழுந்ததும் கை கொக்கிக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தேன். மாக் லெட்சுமி வெளியே வரவில்லை. "அவ்வளவு நீளமாக என்ன சொன்னார்? விடுதலையா?"

"விடுதலை மாதிரி, மாக். இப்போது வீட்டுக்குப் போகலாம். ஆனால் குற்றமில்லை என்று தீர்த்துச் சொல்லவில்லை. அப்படித் தீர்த்துச் சொன்னால்தான் அக்விட்டல். சாட்சி கிடைத்தால் மறுபடி கூப்பிடலாம்."

"எப்போது கூப்பிடுவார்கள்?"

"தெரியாது."

"கேஸ் முடிந்ததா, முடியவில்லையா?"

"முடியவில்லை, மாக். நின்றிருக்கிறது."

அவர் கூண்டைவிட்டு வெளியே வந்தார். "நிற்கட்டும். அரிசியை எடு, நேரமாகிறது" என்றார்.

மூட்டையைத் தோளில் வைத்துக் காஜா பெராங் வரைக்கும் நானே சுமந்தேன். மறுநாள் மிஸ்டர் ஓங்கையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். இலைகள் வரிசையாக இருந்தன, சோறு ஆவி பறந்தது. படைத்து முடித்ததும் பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று விளக்கை ஏற்றிவைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். யாரும் பேசக்கூடாது. மிஸ்டர் ஓங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் காதில், "இன்ஸ்பெக்டர் கேட்ட சாட்சிகள் வந்துவிட்டார்கள்" என்றார். சிரிப்பை அடக்க நான் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு எங்களுக்கும் இலை போட்டார்கள். அந்தச் சோற்றைப்போல இதுவரை நான் சாப்பிட்டதில்லை.

ஜப்பான்காரர்கள் போனார்கள். பழைய மொழிபெயர்ப்பாளர் மரவள்ளியை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். நான் சந்தோஷமாகப் பியூன் சட்டைக்குத் திரும்பினேன். அதிலேயே இருந்து, அதிலேயே பென்ஷன் வாங்கினேன். மாக் லெட்சுமியின் கேஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சாலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, கூப்பிட்டார்களா?" என்பார். இன்னும் இல்லை, மாக் என்பேன். அவருக்கு அதில் ஒரு தனிப் பெருமை வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் வாக்குவாதம் என்றால், "ஜாக்கிரதை, நான் கேஸ் உள்ள ஆள்" என்று ஆரம்பிப்பாராம். சார்ஜ் எழுதிய அரசாங்கம் போய், வெள்ளைக்காரர் வந்து, அவர்களும் போய், மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அந்த நீளமான வார்த்தையை மாற்றி எழுதினார்களா? இல்லையே? அப்படியென்றால் சும்மா இரு" என்றார்.

போன வருஷம் மாக் லெட்சுமி காலமானார். இந்த வருஷப் பார்ச்சுக்கு அவருடைய மகள் வந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே புதிதாக ஓர் இலை போட்டிருந்தார்கள். நல்ல அரிசிச் சோறு. விளக்கை ஏற்றிவைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். யாரும் பேசவில்லை. வீட்டார், உறவுக்காரர்கள், சம்பந்திகள் என்று வாசல் நிறைய கூட்டம். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டியது.

ஆனாலும் கதவுப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"மாக், இது நான் சொல்வது. வேலு சொல்வது. அக்விட்டட். கேஸ் முடிந்தது."

அதைச் சொல்ல ஒரு பியூனுக்கு அதிகாரம் கிடையாது. பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அப்ஜெக்ஷன் எதுவும் வரவில்லை.